மாற்றிக் கட்டிய சீட்டு

ஆண்டவருடைய பிள்ளைகளே, என் வீட்டுக்காரரின் கண் பிழைத்த விதத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்தக் கண்ணுக்கு ஆபத்தைக் கொண்டுவந்தவளும் நான்தான். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

என் பெயர் எஸ்தர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரச் சவுக்குத் தோப்புகளை ஒட்டி எங்கள் குடியிருப்பு. என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் சவுக்கு வெட்டுகிறவர். 1956ஆம் வருடம் சித்திரை மாதத்தில் ஒருநாள் அடுப்பு நெருப்பு அவர் கையில் பட்டுக் கொப்பளித்துவிட்டது. நான் பார்த்துச் சொல்லும்வரை அவருக்குத் தெரியவில்லை. முதுகில் வெளுத்த படை ஏற்கெனவே இருந்தது. செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குஷ்டம் என்று சொன்னார்கள்.

என் சொந்த அண்ணன் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான். எங்கள் மகளை என் தங்கை வீட்டில் விட்டேன். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் மாவரைக்கும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கினேன். அவரை அங்கே தனியாக விட எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே உடம்பை அறுத்துப் பார்க்கிறார்கள் என்று குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள்.

அது பொய்யும் அல்ல. காது மடலைக் கீறி ஏதோ எடுத்தார்கள். முதுகிலிருந்து கடுகளவு தோலை வெட்டிப் புட்டியில் போட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். எங்கே போகிறது என்று கேட்டேன், மெட்ராசுக்கு என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு நர்சம்மா சொன்ன பதில் எனக்குப் புரியவில்லை. புரியாததையெல்லாம் நான் மனசில் ஒரு பக்கமாகச் சேர்த்து வைத்தேன்.

குஷ்டத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாக முடிச்சுகள். தொட்டால் துடித்துப்போவார். மருந்து சாப்பிடுவதற்கு முன் நடந்து வந்த மனுஷன், மருந்து சாப்பிட்டுப் படுக்கையில் விழுந்தார். நான் என்ன நினைத்திருப்பேன்?

இந்த மாதிரிக் காய்ச்சலை ஆராய்ச்சி செய்யவென்றே ஒரு டாக்டர் அங்கே இருந்தார். சின்ன வயசு. மெதுவாகப் பேசுவார். மருந்து பட்டுக் கிருமி சாகிறது, செத்த கிருமியை எதிர்த்து உடம்பு போடுகிற சண்டை அளவுக்கு மீறிப் போய் உடம்பையே புண்ணாக்குகிறது என்று விளக்கினார். இதற்குப் பழைய மருந்து ஒன்று உண்டு, புதிதாக வந்தது ஒன்று உண்டு, எது நல்லது என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்றார். இரண்டையும் ஒரே மாதிரி வெள்ளை மாத்திரையாகச் செய்திருந்தார்கள். யாருக்கு எது என்ற பட்டியல் மெட்ராசில், முத்திரை வைத்த உறைக்குள். தனக்கே தெரியாது என்றார்.

தனக்குத் தெரியாத மருந்தை எந்த டாக்டராவது கொடுப்பாரா? நான் அவர் முகத்தையே பார்த்தேன். விருப்பம் இல்லாவிட்டால் சேரவேண்டாம் என்றுகூடச் சொன்னார். என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை.

“குடுக்கறத துன்னுட்டுப் போறேன், எஸ்தரு. இதுக்கு மேல இன்னா ஆவப்போவுது?” என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார்.

அடுத்த கட்டிலில் திருக்கழுக்குன்றத்துக் கோயில் ஓதுவார் ஒருவர். படித்தவர். டாக்டரோடு இங்கிலீஷில் இரண்டொரு வார்த்தை பேசுவார். அவருக்கும் அதே காய்ச்சல், அதே வாரம் ஆரம்பித்த மாத்திரை. நான்கே நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு முடிச்சுகள் கொஞ்சம் வற்றியிருந்தன, காய்ச்சல் மட்டும் விட்டுவிட்டு வந்தது.

எனக்குத் தீர்மானமாகிவிட்டது. நல்ல மருந்து கோயில்காரருக்கு. சேரிக்காரனுக்கு மிச்சம். டாக்டர் ஓதுவார் கட்டிலருகே கொஞ்சம் கூடுதலாக நின்றால் எண்ணிக்கொள்வேன். நர்சம்மா அவரைப் பார்த்துச் சிரித்தால் எண்ணிக்கொள்வேன்.

ஒவ்வொருவருக்கும் தனிப் புட்டி. புட்டியின் கழுத்தில் கட்டில் எண் எழுதிய சீட்டை நூலால் கட்டியிருப்பார்கள். ஒரு மத்தியானம் நர்சம்மா சாப்பிடப் போயிருந்தாள். கஞ்சிப் பாத்திரம் எடுக்கப் போன நான், இரண்டு சீட்டையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். நியாயம் செய்கிறதாகவே நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பியது. ஏழாம் நாள் அவருடைய வலது கண் ரத்தமாகச் சிவந்தது. வெளிச்சம் பட்டால் அலறினார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தார். டாக்டர் கண்ணில் சொட்டு மருந்து விட்டார், காகிதங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். தேறிக்கொண்டு வந்தவருக்கு ஏன் திடீரென்று இப்படி என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இப்படியே போனால் பார்வை போய்விடலாம் என்று என்னிடம் சொன்னார்.

நான் சமையற்கட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, அந்தக் கண்ணைக் காப்பாற்றும் என்று கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் அந்த நூலும் சீட்டும் கண்முன் வந்து நின்றன. மறுநாள் சாப்பிடாமல் இருந்து கேட்டேன். அதே சீட்டு. வேறு எதை வேண்டுமானாலும் செய்கிறேன் என்று மன்றாடினேன். சொன்னால் துரத்திவிடுவார்கள், போலீசில் கொடுப்பார்கள் என்று பயம். என் ஜெபம் அந்தச் சீட்டைத் தாண்டி மேலே போகவே இல்லை. கடைசியில் எனக்குப் புரிந்தது. நான் கேட்டதற்குப் பதில் முதல் நாளே வந்துவிட்டது. எனக்குப் பிடிக்காத பதிலாக இருந்ததால் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எழுந்து நேரே டாக்டர் அறைக்குப் போனேன்.

“சீட்ட மாத்திக் கட்டினது நான்தான், ஐயா,” என்றேன். “எங்க வூட்டுக்காரரு புட்டி ஓதுவாருக்குப் போயிகினு கீது. அவரோடது இவருக்கு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “எத்தனை நாளாச்சும்மா?”

“எட்டு நாளு.”

அவர் முகம் கறுத்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் உடனே ஆளைக் கூப்பிட்டு மெட்ராசுக்குத் தந்தி எழுதிக் கொடுத்தார். அவர் எழுதி முடித்ததும், கேட்கக்கூடாத நேரத்தில் நான் கேட்டேன்.

“யாருக்கு எந்த மருந்துன்னு நெசமாவே உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதும்மா. தெரிஞ்சா, எனக்குப் பிடிச்ச மருந்து சாப்பிடுறவர் நல்லா தேறிட்டார்னு என் கையே எழுதிடும். என் மேலேயே எனக்குச் சந்தேகம். அதனாலதான் பட்டியலை நான் வெச்சுக்கல.”

ஆறு மாதமாக ஊர் உலகத்தையெல்லாம் சந்தேகப்பட்டவள் நான். என்மேல் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

மறுநாள் பதில் வந்தது. என் வீட்டுக்காரருக்கு முதலில் விழுந்ததுதான் புதிய மருந்து. அது உள்ளே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. அதைச் சட்டென்று நிறுத்தியதால்தான் நோய் எகிறியது. ஓதுவார் பழைய மருந்திலேயே தேறியிருக்கிறார். ஏன் அவருக்கு அப்படி, இவருக்கு இப்படி என்று கேட்டேன். அது தெரிந்தால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்றார் டாக்டர். இருவர் பெயரையும் ஆராய்ச்சியிலிருந்து அடித்தார். என்னால் அவருடைய உழைப்பில் ஒரு பகுதி வீணாயிற்று. ஆனாலும் அன்றைக்கே என் வீட்டுக்காரருக்குப் புதிய மருந்தை மறுபடி ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் சிவப்பு இறங்கியது. பத்து நாளில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே கொடியில் காயும் துணி என்ன நிறம் என்று சொன்னார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.

ஓதுவாரிடமும் சொல்லவேண்டியிருந்தது. டாக்டரிடம் சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது.

“எனக்கு ஏதாவது ஆகியிருந்தா என்னம்மா செய்திருப்பீங்க?” என்றார். பிறகு, “நர்செல்லாம் உங்க சர்ச் ஆளுங்க. நல்ல மருந்து உங்களுக்குத்தான் போகுதுன்னு நானும் நினைச்சேன். கை நீளலை, அவ்வளவுதான்,” என்றார்.

தந்தியில் விவரம் தெரிந்துகொண்ட டாக்டர் பிறகு அவருக்கும் மருந்தைச் சரிப்படுத்தினார். அவருக்குக் கெடுதல் ஒன்றும் வரவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

அடுத்த வருடம் என் வீட்டுக்காரர் வீடு திரும்பினார். இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன. நான் அந்த ஆஸ்பத்திரியிலேயே ஆயாவாக வேலை செய்கிறேன். புதிதாக வருகிறவர்கள் ரத்தம் எங்கே போகிறது என்று கேட்டால், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் அவர் வாயாலேயே கேட்கவைக்கிறேன்.

சகோதரிகளே, சந்தேகம் இன்றைக்கும் எனக்கு வருகிறது. வந்தால் மனசில் சேர்த்து வைப்பதில்லை, நேரே போய்க் கேட்டுவிடுகிறேன். நீங்களும் ஒரு காரியத்துக்காக நெடுநாளாய் ஜெபித்துக்கொண்டிருந்தால், முழங்காலில் நிற்கும்போது வேண்டாம் வேண்டாமென்று நீங்கள் ஒதுக்குகிற நினைப்பு எது என்று பாருங்கள். அதைப் போய்ச் செய்யுங்கள். என்னைத் தாங்கினவர் உங்களையும் தாங்குவார்.