முதல் ஆயிரம் கிலோமீட்டர்

என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் கார் வாங்கினோம்.

கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அவள் உண்டாகியிருந்தாள். எனக்குக் கொஸ்லந்தவுக்கு மேலே இருக்கும் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர் வேலை. அவள் அதே தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வேலை. கிளினிக்குக்கு த்ரீவீலில் போய் வரும் நாட்களில், தோட்டத்து ரோட்டின் குழிகளில் வண்டி இறங்கி ஏறும்போதெல்லாம் வயிற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நானும் அவளும் சேர்ந்து அந்த முடிவுக்கு வந்தோம். பழைய வண்டி வேண்டாம், வழியில் நின்றுவிடும் என்று பிடிவாதம் பிடித்தது நான். இறக்குமதித் தடையை அரசாங்கம் எடுத்து, வெளிநாட்டு வாகனங்கள் மறுபடியும் வரத் தொடங்கியிருந்த நேரம். பதுளையில் சொல்லி வைத்து, ஒரு சின்னக் கார், கியர் போட்டு ஓட்டுவது, புத்தம் புதிதாக எடுத்தோம். எங்கள் தோட்டத்து டிவிஷனில் சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் வந்து நின்ற முதல் கார் அதுதான்.

சாவியைக் கொடுத்த விற்பனையாளர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். முதல் ஆயிரம் கிலோமீட்டர் பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். வேகம் கூடாது, பாரம் கூடாது, எஞ்சினை அலற விடக்கூடாது, சுற்று காட்டும் முள் மூவாயிரத்தைத் தாண்டக்கூடாது. உள்ளே இரும்போடு இரும்பு உரசிப் பழகும் காலம் இது, இப்போது கெடுத்தால் ஆயுள் முழுக்க எண்ணெய் குடிக்கும் என்றார். வண்டியோடு வந்த புத்தகத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் போட்டிருந்தது. நான் அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன்.

பெரகல சந்தியில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் மெக்கானிக், எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நானா, அவர் மட்டும் இதற்குச் சிரித்தார். இந்தக் காலத்து எஞ்சினெல்லாம் தொழிற்சாலையிலேயே ஓடவிட்டுப் பார்த்துத்தான் வருகிறது, சும்மா இருக்கும்போது மெதுவாகப் போங்கள், தேவை வந்தால் மிதியுங்கள், ஒன்றும் ஆகாது என்றார். எனக்கு அவர் பேச்சில் நம்பிக்கை வரவில்லை. புத்தகத்தில் போட்டிருப்பதைவிட இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

அதனால் வீட்டிலும் அதே பேச்சுத்தான். முள் மூவாயிரத்தைத் தொடப் போனால் என் கால் தானாக எழும்பிவிடும். மேட்டிலும் கியரைக் குறைக்க மாட்டேன், குறைத்தால் எஞ்சின் சத்தம் போடும் என்ற பயம். மூன்றாவது கியரிலேயே மூச்சு வாங்க வாங்க ஏற்றுவேன். பின்னால் வரும் பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துக் கத்துவார்கள். மனைவி சிரித்துக்கொண்டு, பிறக்கப் போறதையாவது இப்படிப் பாத்துக்குவீங்களா என்று கேட்பாள்.

ஏழாவது மாதத்தில் ஒரு காலை. மழை தூறிக்கொண்டிருந்தது. பாடசாலைக்குப் போக நான் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது, பிரசவத்துக்காக எங்களோடு வந்து தங்கியிருந்த என் மாமியார் குளியலறைப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார். அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தால் என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், காலடியில் இரத்தம். வலி இருக்கா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். வலி இல்லாமல் அவ்வளவு இரத்தம் போனதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

தோட்டத்து மிட்வைஃபுக்குப் போன் செய்தேன். படுக்க வைத்தபடியே நேராகப் பதுளைக்குக் கொண்டு போங்கள், இடையில் எங்கும் நிறுத்த வேண்டாம் என்றார். ஆம்புலன்ஸ் எங்கள் ரோட்டில் ஏறி வர முக்கால் மணி நேரமாவது ஆகும். கார் வாசலில் நின்றது. பின் சீட்டில் மாமியாரின் மடியில் அவள் இடுப்பையும் காலையும் தூக்கி வைத்துப் படுக்க வைத்து, துணிகளை அடியில் திணித்துவிட்டுக் கிளம்பினேன். அப்போது வண்டி முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியிருந்தது. அந்த எண்ணை நான் பார்த்தேன். அந்த நேரத்திலும் பார்த்தேன்.

இனிமேல் எழுதப் போவதை என் மனைவியைத் தவிர நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

தோட்டத்து ரோட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கியதும் பெரகல வரைக்கும் ஏற்றம்தான். வளைவுக்கு மேல் வளைவு. நான் வேகமாகப் போவதாகத்தான் நினைத்தேன். என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் என் கால் பழகியபடிதான் மிதித்தது. மூன்றாவது கியர். மூவாயிரத்துக்குக் கீழே முள். வண்டி உடம்பை உலுக்கிக்கொண்டு, திணறித் திணறி ஏறியது. ஒரு மரக்கறி லொறி எங்களைக் கடந்து போனது. பாரம் ஏற்றிய லொறி.

மாமியார் முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். வண்டியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குப் பின்னாலிருந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"மாப்புள, இது இவ்வளவு வேகந்தான் போகுமா?"

"புது வண்டி அத்தை. இப்ப முடுக்கக் கூடாது."

என் வாயிலிருந்துதான் வந்தது. யோசித்துச் சொன்னதில்லை. இரண்டு வாரமாக எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில், அதுவாக வந்து விழுந்தது. இன்னொரு வளைவு தாண்டினோம். பிறகு மாமியார் சொன்னார், அழாமல், கோபப்படாமல்.

"என் மடியெல்லாம் நனஞ்சிருச்சு மாப்புள."

கண்ணாடியில் பார்த்தேன். மனைவியின் உதடு வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தது. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கியரை இரண்டுக்கு இழுத்துக் கால் முழுக்க மிதித்தேன். அதுவரை கேட்காத சத்தத்தில் எஞ்சின் அலறியது. முள் நாலாயிரம், ஐயாயிரம் என்று ஏறியது. வண்டி பாய்ந்தது. இவ்வளவு பலம் அதற்குள் இருந்திருக்கிறது. காலையிலிருந்து என் காலுக்கடியில் இருந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்த மரக்கறி லொறியைக் கடந்தேன். பெரகல சந்தியில் மூடுபனி, விளக்கைப் போட்டுக்கொண்டு ஹோர்னிலிருந்து கையை எடுக்காமல் திரும்பினேன். அங்கிருந்து அப்புத்தளை வரைக்கும் மலை செங்குத்தாக ஏறும். வண்டி அதையும் ஏறியது. எனக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

அப்புத்தளை டவுனில் ரயில் கேட் எங்கள் கண்ணெதிரே இறங்கியது.

முன்னால் ஒரு வேன், அதற்கு முன்னால் கேட். நான் இறங்கி ஓடினேன். கேட் காவலரிடம் சிங்களத்தில் கெஞ்சினேன். அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார், அவர் முகமும் மாறிவிட்டது. ஆனால் ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிவிட்டது, கேட்டைத் திறக்கும் அதிகாரம் இனி அவர் கையில் இல்லை. நான் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மழையில் நின்றேன். ரயில் ஆடி அசைந்து வந்தது. ஜன்னல்களில் வெள்ளைக்காரர்கள் பனியைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது, ஐந்து நிமிடமாக இருக்கலாம். ஏற்றத்தில் ஒழுங்காக மிதித்து வந்திருந்தால் கேட் இறங்கும் முன்பே தாண்டிப் போயிருப்போம். அதை நினைக்காமல் ஒரு நாள்கூட எனக்கு இன்றுவரை போனதில்லை.

பண்டாரவளையையும் ஹாலிஎலையும் எப்படிக் கடந்தேன் என்பது நினைவில் இல்லை. பதுளை ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். மாமியார் சேலை முழுக்க இரத்தத்தோடு ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மனைவியைக் காப்பாற்றினார்கள். ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை, பெண் பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் மறுநாள் பின்னேரம் வரை உயிரோடு இருந்தது. என் கட்டைவிரல் அளவுக்கு அதன் பாதம். ஒரு தரம் கொட்டாவி விட்டது. அதை மனைவி பார்க்கவில்லை, அவளுக்கு எழுந்து வர முடியவில்லை. நான்தான் பார்த்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு டாக்டரிடம் கேட்டேன். சிங்கள டாக்டர், தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகப் பேசுகிறவர். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது சொல்ல ஏலாது."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஆயிரம் கிலோமீட்டரானதும் நானாவிடம் முதல் சர்விஸுக்கு விட்டேன். பழைய ஒயிலை வடித்து விரலில் தேய்த்துப் பார்த்தார். எஞ்சின் சுத்தமாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார். அன்றைக்கு எப்படி ஓட்டினேன் என்று சொன்னேன், முதல் பாதியையும் சொன்னேன். ஒயில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க மிதிச்சது அதுக்கு ஒண்டும் செய்யல்ல சேர். மேட்டுல கியர் கொறைக்காம இழுத்தீங்க பாருங்க, அதுதான் எஞ்சினுக்குக் கூடாது."

நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்து, சந்தி தாண்டி ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தி அழுதேன். எதைக் காப்பாற்றுவதாக நினைத்தேனோ அதைக்கூட நான் காப்பாற்றிக்கொண்டிருக்கவில்லை.

மனைவி மூன்று மாதம் கழித்துப் பிள்ளைக் காம்பரா வேலைக்குத் திரும்பினாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பதினொரு கைக்குழந்தைகள் தொட்டிலில் கிடக்கும் அறைக்குள் அவள் தினமும் எப்படிப் போனாள் என்று நான் கேட்டதில்லை. ஆனால் காரில் மட்டும் ஏற மாட்டாள். கொஸ்லந்தவுக்கு நடந்து இறங்கி பஸ் பிடிப்பாள். நானும் வற்புறுத்தவில்லை. பின் சீட்டை எத்தனை தரம் கழுவியும் நானே அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீங்க அம்மாகிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

எனக்குத் தெரியும் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முள்ளைப் பார்த்தது, மூன்றாவது கியர், லொறி கடந்து போனது, ரயில் கேட், நானா சொன்னது. மன்னித்துவிடு என்று கேட்க நினைத்தேன், அந்த வார்த்தைக்கு எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை கொட்டாவி விட்டதையும் அன்றுதான் சொன்னேன். அப்போது மட்டும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு ஓட்டப் பழக்கிக் குடுங்க. இனிமே யாரையும் நம்பிப் பின்னாடி படுத்துக்கிட்டு வரமாட்டேன்."

பாடசாலை மைதானத்தில் ஒரு மாதம் பழகினாள். போன வாரம் முதல் தடவையாகப் பெரகல வரைக்கும் அவளே ஓட்டினாள். மாமியார் பின்னால், நான் பக்கத்தில். ஏற்றம் தொடங்கியதும் இரண்டாவது கியருக்கு மாற்றி, கால் முழுக்க மிதித்தாள்.