சின்னவளின் உயரமான ஹேண்டில்பார்

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்போம். நாற்பது தாண்டி, தலை பாதி நரைத்தும் இன்னும் சின்னவள்தான். மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறையில் வேலை. பழுதானவற்றை வீடு வீடாகப் போய்த் தன் பெரிய பைக்கில் தூக்கி வருவதும் அவள்தான். பொம்பளை பைக் ஓட்டுவதா என்று முகம் சுளித்தவர்கள், தங்கள் தண்ணீர் மோட்டார் நின்றால் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். வெட்கம் கெட்டவர்கள்.

போன மழையில் வண்டியோடு வழுக்கி விழுந்து அவள் தோள்பட்டை உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, கை மட்டும் முன்னால் முழுசாக நீளவில்லை. ஹேண்டிலை எட்டிப் பிடித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். என் கணவர், தங்கை மேல் உள்ள பாசத்தில், வண்டியை விற்க ஆள் பார்த்துவிட்டார். ஞாயிறு சாயங்காலம் வருவதாகப் பேச்சு.

சின்னவள் உயரமான ஹேண்டில்பார் ஒன்றை வாங்கி வந்தாள். அதைப் பிடித்தால் கை நீட்ட வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், அந்த வண்டியில் ஆக்சிலேட்டர் கேபிள் கிடையாது. பிடியைத் திருகினால் உள்ளே இருக்கும் சென்சார் வயர் வழியாக எஞ்சினுக்குச் சொல்லும். ஹேண்டில் உயர்ந்தால் வயர் எட்டாது.

"வயரை வெட்டினா பொறுப்பேத்துக்க மாட்டோம்னு சர்வீஸ்ல சொல்லிட்டாங்களே," என்றார் இவர்.

"விழுந்தா நான்தானே அண்ணா விழப்போறேன்? அவங்களுக்கு என்ன?"

"ஒரு தடவை விழுந்தது பத்தலையாடி உனக்கு?" என்றேன் நான்.

ஞாயிறு காலை வாசலில் வண்டியை நிறுத்தி, முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றினாள். ஆறு வயர், ஆறு நிறம். மாறிப்போகக் கூடாதென்று ஒவ்வொன்றாக வெட்டி, அதே தடிமனில் துண்டு வயர் சேர்த்து ஈயத்தால் பற்றவைத்து, மேலே உறை மாட்டிச் சூடு காட்டி இறுக்கினாள். அழகான வேலைதான். ஆனால் பட்டறைப் பழக்கம், ஆறு இணைப்பையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டிவிட்டாள். வயர் ஹேண்டில்பாரின் குழாய்க்குள்தான் போக வேண்டும்; அந்தக் கொத்து துளையில் நுழையவில்லை.

"எலியை முழுங்கின பாம்பு மாதிரி இருக்கு," என்றேன்.

"கொஞ்சம் அழுத்தினா போயிடும்," என்றார் இவர்.

"அழுத்தினா வயர் தோல் உரியும். அப்புறம் நடுரோட்டுல வண்டி செத்துடும்."

சொல்லிவிட்டு ஆறையும் மறுபடி வெட்டினாள். நான் உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். வாங்குகிறவன் வரும்போது வண்டி உரித்த கோழியாகக் கிடந்தால், வந்த விலைக்குத் தள்ளிவிடுவார் இவர். அவளோ நிதானமாக, ஒரு இணைப்பு இங்கே, அடுத்தது அதற்குக் கீழே என்று படிக்கட்டு மாதிரி இறக்கினாள். கொத்து மெலிந்தது.

"அண்ணி, பாவாடை நாடா ஒண்ணு குடுங்க."

"எதுக்குடி?"

"வண்டிக்குக் கட்டிவிட."

நாடாவின் நுனியில் சின்ன நட்டு ஒன்றைக் கட்டிக் குழாய்க்குள் போட்டு, வளைவுகளில் சாய்த்துச் சாய்த்துக் குலுக்கினாள். நட்டு மறுபக்கத் துளையில் எட்டிப் பார்த்தது. இந்த நுனியில் வயரைக் கட்டி அவள் உள்ளே விட, நான் அங்கிருந்து இழுத்தேன்.

"மெதுவா அண்ணி. எங்கம்மா தலைமுடின்னு நெனச்சு இழுக்காதீங்க."

எல்லாவற்றையும் மாட்டி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்தாள். வயர் எங்கும் விறைக்கவில்லை. சாயங்காலம் பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பும்போது, வண்டி வாங்குகிறவர் வந்து நின்றார். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. தவறு இருந்தால் அது அணையாது. எஞ்சினை எழுப்பினாள். விளக்கு அணைந்தது. பிடியைத் திருகினாள், எஞ்சின் உறுமியது. விட்டாள், உடனே அடங்கியது.

ஏறி உட்கார்ந்தாள். முதுகு நேர், முழங்கை மடங்கியிருந்தது, கண்ணில் தண்ணீர் இல்லை. தெருவைச் சுற்றிவிட்டு ராணி மாதிரி வந்து இறங்கினாள்.

"நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாமா?" என்றார் வந்தவர்.

"மன்னிச்சுக்கப்பா," என்றார் இவர். "இது என் தங்கச்சி வண்டி. விக்கறதுக்கு இல்ல."

வந்தவர் வயர் போன வழியைக் குனிந்து பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கே. யாரு பண்ணாங்க?"

"நாங்கதான்."

நாங்களாம்! அழுத்தினால் போய்விடும் என்று சொன்னதைத் தவிர இவர் என்ன செய்தார்? போகட்டும், அண்ணன்தானே. சின்னவள் பெருமையில் கொஞ்சம் இவர் மேலும் ஒட்டட்டும்.