அப்பாவின் ஃபர்ஸ்ட் ஷிப்ட்

உங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, ஊரிகத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, தங்கை கவிதா அதையே கேட்டாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையோடு பட்டப்படிப்பு, அதற்கான விண்ணப்பம். "அக்கா, அப்பா வேலை கேக்குது. இன்னா போடறது?"

வெளியே மழை. என் மூன்று வயது மகளின் சட்டைகளை அம்மா வீட்டுக்குள் கயிறு கட்டிப் போட்டிருந்தாள். காயாத துணியின் வாடை மற்றவர்களுக்கு மழைக்கால வாடையாக இருக்கலாம். எங்கள் வீட்டில் கோடையிலும் அது அடிக்கும். அப்பாவின் நீலச் சட்டை வெயிலைப் பார்த்ததே இல்லை.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடியபோது எனக்கு ஐந்து வயது. அங்கே ஃபோர்மேனாக இருந்த அப்பா, அதன்பின் விடிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலாளியாக நின்றார். இன்றும் நிற்கிறார். அந்த நீலச் சீருடையைப் பையில் கொண்டுபோய் அங்கேதான் மாற்றுவார். அம்மா அதை வாசல் கொடியில் போடமாட்டாள். யாராவது கேட்டால், "ஃபர்ஸ்ட் ஷிப்ட் போயிருக்காரு" என்பாள். எந்த ஷிப்ட் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அவர்கள் வீட்டு ஆண்களும் அதே ரயிலில்தான் போனார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூடப் பெயருக்குப் பின்னால் 'மைன்ஸ்' என்றே அச்சாகும். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைனில் அது பொய்யில்லை, மரியாதை.

பள்ளி முடித்த வருடம் நானும் இப்படியொரு விண்ணப்பம் போட்டேன். என்னைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் 'வெரி' என்ற சொல்லை மட்டும் பதினோரு இடத்தில் எழுதியிருந்தேன். ஒவ்வொன்றாக யோசித்து அடித்து நீக்கினேன். அப்பாவின் வேலையை மட்டும் யோசிக்கவே இல்லை. தங்கச் சுரங்க ஃபோர்மேன் என்று போட்டேன். கூடவே இணைத்த சம்பளக் கடிதத்தில் காவலாளி என்று இருந்தது.

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் கணினி வழியே நேர்காணல். திரையில் இருந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டார்: சுரங்கமா, காவலா, எது சரி? இரண்டும் என்றேன். அந்தச் சுரங்கம் இப்போது நடக்கிறதா? இல்லை என்றேன். அவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

வெளியே அப்பா லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். "இன்னா கண்ணு கேட்டாங்க?"

"பாடத்துலதான்பா கேட்டாங்க."

இடம் கிடைக்கவில்லை என்று வந்த கடிதத்தில் காரணம் எதுவும் இல்லை. மார்க் பத்தவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். "மார்க் இன்னா மார்க், வுடு" என்று மசால் பூரி வாங்கித் தந்தார்.

போன ஞாயிறும் அப்பா கட்டிலில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி கவிதாவிடம் சொன்னார்: "ஃபோர்மேன்னு போடும்மா."

"மைன்ல தண்ணி ரொம்பி எத்தினி வருசமாச்சு. நீ இன்னா, நீச்சல் அடிச்சிக்கினா வேலைக்குப் போற?" என்று கவிதா சிரித்தாள்.

அப்பாவும் சிரித்தார். "அக்காவும் அதான் போட்டா. அவ மார்க்ல வுட்டுட்டா. நீ அத்த பாரு."

கவிதா என்னைப் பார்த்தாள். நான் மகளின் சட்டை காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்க எழுந்துவிட்டேன்.

சுரங்க ஷிப்டுக்கு ஊதிக்கொண்டிருந்த சங்கு எப்போதோ நின்றது. அந்த ரயிலில் இன்று போகிறவர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே ஏறுகிறார்கள். எந்த ஷிப்ட் என்று கேட்காத அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களும் பாதிப் பேர் லைனைக் காலி செய்து போய்விட்டார்கள்.

விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். காவலாளி என்றுதான் போட வேண்டும், தெரிகிறது. ஆனால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். அப்பா ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பார். ஃபோர்மேன் என்று போட்டதால்தான் என் இடம் போனது என்று, கடிதத்திலேயே இல்லாத ஒரு காரணத்தை நான் அவர் தலையில் வைப்பதா? ஒருவேளை உண்மையிலேயே என் மார்க்தான் பத்தவில்லையோ? உங்கள் அப்பாவாக இருந்தால் எப்படிச் சொல்வீர்கள்? தெரிந்தவர்கள் வியாழக்கிழமைக்குள் எனக்கு எழுதுங்கள்.