நாலாவது மூலை

நுரிலா அக்காவுக்கு டீக்கிண்ணத்தைப் பார்த்தாலே நெஞ்சு கரிக்கும். அவர் வேலை அப்படி. எங்கள் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கைச் சுற்றி மேடுகளில் முளைத்திருக்கும் குடியிருப்புகளுக்குப் போய், நிலநடுக்கம் தாங்குகிற வீட்டை அங்குள்ளவர்களே கட்டிக்கொள்வார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டுவார்கள் என்றால் எங்கள் அமைப்பு மரமும் இரும்பும் கொடுக்கும், இல்லையென்றால் இல்லை. போகிற இடமெல்லாம் முதலில் டீ, அப்புறம் ரொட்டி, அப்புறம் எங்களுக்குத் தெரியாததா என்ற பெருமை. ஜீப் ஓட்டும் எனக்கே அலுத்துப்போயிற்று.

அக்கா ஒரு காலத்தில் அடுக்குமாடிச் சுவர்களை வார்க்கும் தொழிற்சாலையில் என்ஜினியராக இருந்தவர். அது மூடியபின் சந்தையில் நின்றுகொண்டே காலுறை விற்றார். முழங்கால் போனது அங்கேதான். இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். "உக்காந்துக்கிட்டுப் போலாம்ல" என்றார்.

அந்த இலையுதிர் காலத்தில் கிசில்-தோபோ மேட்டுக்குப் போனோம். சல்கின் என்ற விதவைக்கு ஊரே கூலியில்லாமல் கூடி வீடு கட்டியிருந்தது. இரண்டு பிள்ளைகளோடு அவள் பழைய கன்டெய்னர் பெட்டிக்குள் குடியிருந்தாள். இந்த வீடு தேறினால்தான் அவளைப்போல் பெட்டிகளில் கிடக்கும் மற்றவர்களுக்கும் பனிக்கு முன் பொருள் வரும்.

மரச்சட்டத்துக்குள் மண் அடைத்த வீடு. மூலைக்கால்களை இரும்புப் பட்டையால் இறுக்கியிருக்கிறார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஆனால் விருந்தாளி வருகிறார் என்று மண் பூசி மூடி, பளிச்சென்று வெள்ளையும் அடித்துவிட்டார்கள். வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இப்படி ஒரு மரியாதை தோன்றாது. அக்கா சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

கொத்தனார் ஜெக்ஷென், ஆடு வெந்துகொண்டிருக்கிறது, முதலில் சாப்பிடலாம் என்று இழுத்தான். சல்கின் கோடாலியை எடுத்துவந்து பூச்சைக் கொத்தினாள். முதல் மூலையில் பட்டை இருந்தது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருந்தது. நாலாவதில் வெறும் ஆணிகள்.

ஜெக்ஷென் தலையைச் சொறிந்தான். "அது பெரியவர் வச்ச மூலை அக்கா. அவர் கையால செஞ்சதப் பிரின்னு யார் சொல்லுவா?"

பெரியவர் சல்கினின் மாமனார். கணப்பருகில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். காது நன்றாகவே கேட்கும்.

அக்கா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தார். "மூணு மூலை பாத்துட்டேன். உங்களுக்குக் கட்டத் தெரியுது. தப்புன்னா தப்புன்னு சொல்லத் தெரியுமா? அது தெரியலன்னா அடுத்த வீட்லயும் ஒரு பெரியவர் வருவாரு."

ஜெக்ஷென் ஆடு வேகும் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் ஜீப் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். இந்த ஊரும் போச்சு என்று மனசு கசந்தது.

எங்கள் நாட்டில் மருமகள்கள் மாமனார் பெயரைக்கூட வாயால் சொல்வதில்லை. சல்கின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். 

"மாமா, அந்த மூலை தப்பு. பிரிக்கணும். புள்ளைங்க அதுக்குக் கீழதான் படுக்கும்."

கிழவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் சரிவில் இறங்கிப் போனார். ஜெக்ஷென் கடப்பாரையை எடுத்தான். புதுப் பட்டை ஏறி இறுகும்வரை அக்கா அந்தக் கல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை. இந்த ஊரால் முடியும் என்று அன்றே எழுதிக் கொடுத்தார்.

பனிக்கு முன்பே பொருள் வந்தது. மேடு முழுக்க வீடுகள் எழும்பின. வசந்தத்தில் அந்த வழியாகப் போனபோது சல்கினின் வேலிக்கு வெளியே கிழவர் நின்றிருந்தார். பேரப்பிள்ளைகளை அங்கேயே கூப்பிட்டு மிட்டாய் கொடுத்தார். அந்த வீட்டு வாசலை அவர் இன்னும் மிதிக்கவில்லையாம்.

வண்டியை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, முழங்காலில் கைவைத்தபடி அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.