பெரட்டுக்கு வந்த பிள்ளை

வெள்ளைச் சீருடையும் கழுத்துப்பட்டியுமாக ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பெரட்டுக் களத்தில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டி, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்துவிடும் இடம் அது. கொழுந்து பறிக்க இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்களுக்குப் பின்னால், பனியில் நனைந்த சப்பாத்தோடு அவள் நிற்பாள். வேலை பிரித்து முடிந்ததும், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா குரலை உயர்த்துவார். "களவெடுத்த புள்ள வந்திருக்கா?" அவள் கையைத் தூக்க வேண்டும். கொழுந்துக் கூடையோடு நிற்கும் அவளுடைய அம்மா தரையைப் பார்ப்பாள். சிலர் சிரிப்பார்கள்.

இந்த ஏற்பாடு எங்கள் சேருடைய மூளையில் உதித்தது. நுவரெலியாவில் அவர் சிறுவர் நன்னடத்தை அதிகாரி. நான் அவருக்குக் கீழே உதவியாளர். அந்தப் பிள்ளை டவுன் கடையொன்றில் போன் எடுத்து மாட்டிக்கொண்டவள். படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே நீதிமன்றம் அவளை வீட்டுக்கு அனுப்பி, எங்கள் கண்காணிப்பில் விட்டது. வாராவாரம் போய்ப் பார்க்க வேண்டியவர் சேர். அவள் இருந்த திம்புள்ளைப் பக்கத்து மலையேற அவருக்குச் சோம்பல். பள்ளிக்குப் போகும் முன் அவள் பெரட்டில் வந்து நின்றால் போதும் என்று வேலையைக் கண்டாக்கின் தலையில் கட்டிவிட்டு, அதற்குச் 'சமூகக் கண்காணிப்பு' என்று பெயரும் சூட்டிக்கொண்டார். பிள்ளை யாரென்று வெளியே தெரியக் கூடாதே சேர் என்றேன். "லயத்துல ஒரு வீட்டுல இருமுனா பக்கத்து வீட்டுல முழிச்சுக்கிறாங்க. தோட்டத்துல என்னம்மா ரகசியம்?" என்று சிரித்தார். அவரும் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, படித்து மேலே வந்தவர்தான். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அதற்குப் பிறகு லயத்தில் எது காணாமல் போனாலும் அவள் வீட்டு வாசலில்தான் ஆள் கூடியது. கோழி ஒன்றைக் காணவில்லை என்று அவளுடைய புத்தகப் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். புத்தகப் பைக்குள் கோழி இருக்குமா என்று கேட்க அங்கே ஒரு மனிதர் இல்லை. வகுப்பிலும் 'களவெடுத்த புள்ள' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. நான் பள்ளி அதிபரிடம் பேசினேன், அம்மாவிடம் பேசினேன், சேரிடம் சண்டையே போட்டேன். ஒன்றும் எடுபடவில்லை. ஒருநாள் அவள் சீருடை இல்லாமல், படங்கு கட்டிக்கொண்டு பெரட்டுக்கு வந்து நின்றாள். அன்றுதான் முதல் தடவையாகக் கண்டாக்கு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மலைக்கு அனுப்பினாராம். சேர் இதை அலுவலகக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார். "பெரட்டுக்கு வந்து வந்து பழகிட்டா. இப்ப வேலைக்கே போறா. ஒரு பிரச்சினையும் இல்ல." எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கைகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஓய்வு பெற்றபோது அவருக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள்.

இப்போது அந்த வேலையை நான் பார்க்கிறேன். லொறியில் பற்றரி கழற்றிய ஒரு பையனுக்காகப் போன மாதம் அதே தோட்டத்துக்குப் போனேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதே கண்டாக்கு, தலை மட்டும் நரைத்திருந்தது.

"ஏன் மிஸ் இவ்வளவு தூரம் அலையிறீங்க? பையன பெரட்டுக்கு அனுப்பிவிடுங்க. முந்தி ஒரு புள்ளய அப்படித்தானே திருத்துனோம்."

அவன் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவான் என்றேன். நிறுவை வரிசையில் நின்ற ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகம் உடனே தெரிந்தது.

"அந்தப் புள்ள நான்தான் மிஸ். ஒரு நாளு எடுத்தேன். இன்னமும் பெரட்டுல நிக்கிறேன்."