வெள்ளிக்கிழமை மழை

கீரனூரில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து என்று இருபது வருடமாக மனிதர்களைப் படம் எடுத்து, அவர்கள் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்து, எனக்கு முகங்களே சலித்துப் போயின. அதனால்தான் வானத்தைப் படம் எடுக்கத் தொடங்கினேன். வானம் "கொஞ்சம் கலராப் போட்டுக் குடுங்கண்ணே" என்று கேட்காது.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக் கண்மாய்க் கரையில் தானியங்கி மழைமானி ஒன்று வைத்திருக்கிறார்கள். கம்பி வேலிக்குள் இடுப்புயரத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய், அதன் தலையில் புனல், பக்கத்தில் சோலார் தகடு. பெய்கிற மழையை அதுவே அளந்து அதுவே கணினிக்கு அனுப்பிவிடும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நான் தினமும் உச்சிவெயிலில் வண்டியில் போய், கரையில் நின்று, தலைக்கு நேர் மேலே ஒரு படம் எடுப்பேன். படத்துக்கு அடியில் அன்றைய வெயிலும் மழையும் எண்ணாக இருக்கும். ஒரு வருட வானத்தை வரிசையாக மாட்டினால், பருவம் எப்படித் தலைகீழாகிக் கிடக்கிறது என்பது பார்ப்பவருக்கு உறைக்கும் என்பது என் கணக்கு. எனக்கு நானே ஒரு கட்டுப்பாடும் வைத்திருந்தேன். படத்துக்குள் பூமி வரக்கூடாது. மரக்கிளை, கரண்டுக் கம்பி, கோபுரம், காக்கை எதுவும் கூடாது. "ஒங்களுக்கு முத்திப்போச்சு" என்றாள் என் மனைவி. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

சென்னையில் ஒரு கலைக்கூடம் இந்தப் படங்களைக் கண்காட்சிக்கு ஏற்றுக்கொண்டது. அதற்காக எண்களைச் சரிபார்த்தபோதுதான் அந்த அதிசயம் கண்ணில் பட்டது. ஆடி பிறந்ததிலிருந்து மழையே இல்லை. வியாழன் பூஜ்யம், சனி பூஜ்யம். ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் கனமழை. என் படங்களிலோ வெள்ளிக்கிழமை வானம் சலவை செய்து நீலம் போட்ட மாதிரி இருந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மேகமே இல்லாமல் மழை! விடிகாலையில் பெய்து, நான் போவதற்குள் காய்ந்திருக்கும் என்று காரணமும் நானே கற்பித்துக்கொண்டேன். கரையில் என் செருப்பு புழுதியில் புதைந்துகொண்டுதான் இருந்தது. கீழே பார்க்கிற வழக்கம்தான் எனக்கு இல்லையே. புவி வெப்பமாதலைப் பற்றி நான்கு பக்கம் ஆவேசமாக எழுதிக் கலைக்கூடத்துக்கு அனுப்பினேன். "இதையெல்லாம் வாசல்லயே மாட்டிரலாங்க" என்றார் அதை நடத்துகிற அம்மா.

அந்த அதிசய மழையை நேரில் பிடிக்க ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். வேலிக்கதவு திறந்து கிடந்தது. மழைமானியின் இடுப்பில் மஞ்சள் துணி. சோலார் தகட்டில் மூன்று குங்குமப் பொட்டு. சுற்றி ஏழெட்டுப் பெண்கள் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக நின்றார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா, ஒரு செம்புத் தண்ணீரை நிதானமாகப் புனலுக்குள் ஊற்றினார். உள்ளேயிருந்து டக், டக், டக் என்று சத்தம் வந்தது. உடனே எல்லோரும் குலவை போட்டார்கள்.

"என்னக்கா இது?"

"மழைச்சாமி தம்பி. கவருமெண்டே கொண்டாந்து வச்சிருக்கு. எட்டு வாரமா ஊத்துறோம். ஒரு வாரங்கூட டக்குன்னு உத்தரவு குடுக்காம இருந்ததில்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னுடைய நான்கு பக்கத்தை நினைத்து வயிற்றெரிச்சலும் வந்தது. விளக்கினேன். உள்ளே தராசுத் தட்டு மாதிரி ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அது நிரம்பிச் சாய்கிறபோதெல்லாம் டக் என்று கேட்கும். ஒவ்வொரு டக்கும் மழை என்று கணினிக்குப் போய்விடும். அந்தச் சின்ன வாய்க்குள் ஒரு செம்புத் தண்ணீர் போனாலே அது கனமழைதான்.

அக்கா கண் விரியக் கேட்டார். "அப்ப கம்ப்யூட்டர்ல எங்க ஊர்ல மழை பேஞ்சிருக்கா?"

"வாராவாரம்க்கா."

"பேஞ்சிருக்காம்டி!" என்று அவர் திரும்பிச் சொன்னதும் மறுபடி ஒரு குலவை. அது அடங்கியபோது, இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள். "அதான் வறட்சிப் பட்டியல்ல நம்ம ஊரு மட்டும் இல்லையாக்கும்?"

சுற்றுவட்டாரம் முழுக்கப் பட்டியலில் இருந்தது. இவர்கள் தாலுகா ஆபீஸில் போய்க் கேட்டதற்கு, "ஒங்க ஊர்லதான் நல்ல மழையாச்சே" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அக்கா மூன்று ஏக்கரில் போட்ட கடலை முளைத்த இடத்திலேயே கருகிவிட்டது. பட்டியலில் ஊர் பேர் வந்தால் மறுபடி விதைக்க விதை கிடைக்கும். வராவிட்டால் கறவை மாட்டைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போக வேண்டியதுதான்.

"ஊத்தாட்டி மழை வராது. ஊத்துனா வந்துருச்சுன்னு எழுதிப்புடுது. என்னதான் தம்பி செய்யச் சொல்றீங்க?"

"கவலைப்படாதீங்க, என்கிட்ட ஆதாரம் இருக்கு" என்றேன். சொன்னபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. எட்டு வெள்ளிக்கிழமை வானத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கல்யாண ஆல்பம் மாதிரியே பைண்ட் செய்து, திங்கட்கிழமை மனு கொடுக்கிற இடத்துக்கு அக்காவோடு போனேன். அதிகாரி பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ரொம்ப அழகா இருக்கு. இது எந்த ஊரு வானம்?"

"இவங்க ஊர்தான் சார்."

"எடுத்த எடத்தக் காட்டுற ஜியோ டேக் இருக்கா? நூறு நாள் வேலைக்கே அதோடதான் போட்டோ எடுக்குறாங்க."

"என் கேமராவுல அது வராது சார்."

"சரி, ஒரு மரம், ஒரு போஸ்ட்டு, ஊர் பேர் போட்ட போர்டு, ஏதாச்சும் விழுந்திருக்கா?"

"விழாமப் பாத்துக்கிட்டேன் சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. அடுத்த மாதம் பட்டியலை மறுபடி பார்ப்பார்களாம். அதுவரை மழைமானியில் பூஜ்யமாகவே இருந்தால் சேர்த்துவிடலாம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஆல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொரு நீலமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "வருசம் பூரா எங்க ஊருக்கு வந்திருக்கீங்க. எங்க ஊர்ல ஒண்ணுகூடவா தம்பி ஒங்க கண்ணுல படல?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் கலைக்கூடத்து அம்மாவுக்கு ஃபோன் செய்து, அது மழை இல்லை, ஊர்ப் பெண்கள் ஊற்றிய செம்புத் தண்ணீர் என்று உண்மையைச் சொன்னேன். "அது இன்னும் பிரமாதமா இருக்குங்களே!" என்றவர், அந்தப் பெண்களைத் திறப்புவிழாவுக்கு அழைத்துவர முடியுமா என்று கேட்டார். ஃபோனை வைத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெண்கள் கரைக்கு வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வந்திருந்தார்கள். அக்கா வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் சட்டியைக் கொண்டுவந்து, புனலின் மேல் கவிழ்த்து, மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டினார். அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் சட்டியில் வழிந்து, குழாயின் வெளிப்பக்கமாக இறங்கி மண்ணுக்குப் போனது. உள்ளே ஒரு சொட்டுகூடப் போகவில்லை. கணினிக்குப் பூஜ்யம். சாமிக்கு அபிஷேகம்.

யாரும் குலவை போடவில்லை. சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். அக்கா இன்னொரு செம்பு ஊற்றினார். பிறகு குனிந்து குழாயில் காதை வைத்தார். மற்றவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"ஒண்ணுங் கேக்கலையே" என்றார். மறுபடி ஒருதரம் காதை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "தம்பி, நீங்க வெவரம் தெரிஞ்சவுக. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

உள்ளே என்ன இருக்கிறது, அது ஏன் சத்தம் போடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவருக்கும் நான் சொல்லியிருந்தேன். கேமராவைத் தோளில் தள்ளிவிட்டுக்கொண்டு முழங்காலிட்டுக் காதை வைத்தேன். குழாய் சில்லென்று இருந்தது. சத்தம் எதுவும் இல்லை.

ஒரு வருடமாக என் படங்களில் ஒரு மேகத்தைக்கூட நான் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. எழுந்து, "கேக்குதுக்கா, மெதுவா" என்றேன்.

பெண்கள் குலவை எழுப்பினார்கள். அக்கா மட்டும் செம்பைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் குலவை போட்டார்.