தழும்புள்ள உடும்பு

எண்பதுகளில் ஆம்பூர் தோல் ஷெட்டில் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. உடும்புகளைக் கணக்கெடுக்க வெளிநாட்டிலிருந்து சம்பளமில்லாமல் ஒரு பெண் வந்திருந்தாள். எனக்கு அரைகுறை இங்கிலீஷ் வரும் என்பதால், லீவு நாளில் மலைக்குத் துணை போனேன்.

பாறையில் முதல் உடும்பைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "ஃபர்ஸ்ட் கிரேடு!"

"எது?" என்றாள்.

"தோலைச் சொல்றேன் மேடம். ஒரு கீறல் இல்ல பாருங்க."

அடுத்த உடும்பின் முதுகில் நீளமாக ஒரு தழும்பு. "இது ரிஜெக்ட்," என்றேன். அவள் நோட்டில் எழுதி, எனக்கும் படித்துக் காட்டினாள்: "எதனிடமோ தப்பிப் பிழைத்தது."

மறுநாள் என் மேசைக்கு வந்த ஆட்டுத்தோலில் ஆறிப்போன நாய்க்கடி. ரிஜெக்டில்தான் போட்டேன், வேலை அது. ஆனால், நாயிடம் தப்பிய ஆடு எங்களிடம் தப்பவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.